கைக்கடிகார அளவா, பெரிய திரையா? கோவளம், புதுச்சேரி, அந்தமானுக்கு டைவ் கம்ப்யூட்டர்

திருக்கை44

வணக்கம். டைவ் கம்ப்யூட்டர் (நீருக்குள் ஆழம், நேரம், இன்னும் எவ்வளவு நேரம் தங்கலாம் என்று காட்டும் கருவி) வாடகைக்கு எடுப்பதை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். விவரம்: வயது 44, படிக்க +1.50 கண்ணாடி. அட்வான்ஸ்ட், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) கோர்ஸ் இரண்டும் முடித்தாயிற்று. வருடத்துக்கு 12 முதல் 15 டைவ். சீசனில் சென்னைப் பக்கத்துக் கோவளம், புதுச்சேரி. வருடத்துக்கு ஒருமுறை அந்தமான். 3 மி.மீ. வெட்சூட். மணிக்கட்டுச் சுற்றளவு 16 செ.மீ. டெக் டைவிங் (கட்டாய நிறுத்தங்களோடு ஆழமாகப் போவது) பக்கம் போகிற எண்ணம் இல்லை.

டெரிக், கார்மின் டிசென்ட் மாதிரி வாட்ச் அளவா, பெரிகிரின், பெர்டிக்ஸ் 2 மாதிரி பெரியதா? ஆபீஸுக்கும் கட்டிக்கொண்டு போகலாம் என்பதால் மனசு வாட்ச் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் சின்னதில் கணக்கு அவ்வளவு சரியாக இருக்காது என்று படகில் ஒருவர் சொன்னார். உண்மையா?

கடற்பாசி

படகில் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். அளவுக்கும் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

ஷியர்வாட்டரின் பெரிகிரின், பெர்டிக்ஸ் 2, டெரிக் மூன்றிலும் ஓடுவது பியூல்மன் இசட்எச்எல்-16சி என்ற கணக்குமுறை, கிரேடியன்ட் ஃபேக்டரோடு (எவ்வளவு எச்சரிக்கையாகக் கணக்கிட வேண்டும் என்று சொல்லும் எண் ஜோடி). கார்மின் டிசென்ட்டிலும் அதுவே. உடம்பை 16 திசுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நைட்ரஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சில விநாடிக்கு ஒருமுறை கணக்குப் போடும். இன்றைய சிப்புக்கு இது விளையாட்டு.

உண்மையில் வித்தியாசம் வருவது செட்டிங்கில். ஷியர்வாட்டர், கார்மின் இரண்டிலும் மூன்று நிலை உண்டு: லோ 45/95, மீடியம் 40/85, ஹை 35/75. இரண்டாவது எண்தான் என்டிஎல்லை (நிறுத்தமின்றி நேரே மேலேற இன்னும் எவ்வளவு நேரம் தங்கலாம் என்ற வரம்பு) நிர்ணயிக்கும். ஒருவர் 95-லும் இன்னொருவர் 75-லும் வைத்துக்கொண்டு 28 மீட்டரில் பக்கத்துப் பக்கத்தில் நீந்தினால், ஒருவருக்கு நேரம் மிச்சம் காட்டும்போதே மற்றவருக்கு டெகோ (மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தம்) தொடங்கிவிடும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருந்தாலும் இதுதான் நடக்கும். இறங்கும் முன் ஜோடியின் செட்டிங்கைக் கேட்டுவிடுங்கள். டைவ் முழுக்கக் கெடுபிடியான கம்ப்யூட்டர் சொல்வதுதான் சட்டம்.

சூன்டோவின் பல மாடல்கள் வேறு வழி. ஆர்ஜிபிஎம் என்ற கணக்குமுறைக் குடும்பம். குறைந்த சர்ஃபேஸ் இன்டர்வெல் (இரண்டு டைவுக்கு இடையே மேலே இருக்கும் நேரம்), வேகமாக மேலேறுவது போன்றவற்றுக்கு அடுத்த டைவில் நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிலும் சின்னது, பெரியது என்ற பேதம் கிடையாது.

ஆழம் ஒத்துப்போகவில்லை என்ற புகாரும் அடிக்கடி வரும். ஒன்று 18.0, இன்னொன்று 18.5 என்று காட்டும். பெரும்பாலும் ஒன்று உப்புநீரிலும் மற்றது நன்னீரிலும் வைக்கப்பட்டிருக்கும். அடர்த்தியில் சுமார் 3 விழுக்காடு வித்தியாசம், 18 மீட்டரில் அரை மீட்டர். டெகோ கணக்கு அழுத்தத்தை வைத்து நடப்பதால் அது கெடாது. திரையில் தெரியும் மீட்டர் மட்டும்தான் மாறும்.

ஓரிங்_பித்து

கணக்கு பத்தி பாசி சொல்லிட்டாரு. திருக்கை சார், உங்க பதிவுல முக்கியமான எண் ஒண்ணே ஒண்ணுதான்: +1.50.

தண்ணிக்குள்ள எல்லாம் பெருசா தெரியும், அதனால கண்ணாடி வேணாம்னு சொல்வாங்க. பாதிதான் சரி. மாஸ்க் வழியா பாக்கறப்ப பொருள் இருக்கற தூரத்துல முக்கால்வாசி தூரத்துல இருக்கற மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். கைய நீட்டி 40 செ.மீ.ல வெச்சா கண்ணு கிட்டத்தட்ட 30 செ.மீ.க்கு ஃபோகஸ் பண்ணணும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குக் கஷ்டமே அந்த கிட்டத்துப் பார்வைதான? எழுத்து பெருசாகும், ஆனா மங்கலாகும். ரெண்டும் சேர்ந்தே வரும்.

அடுத்தது திரைப் பரப்பு. பெரிகிரின், பெர்டிக்ஸ் 2 ரெண்டுக்கும் 2.2 அங்குலம். அளந்தா சுமார் 45 × 33 மி.மீ., அதாவது 1,500 சதுர மி.மீ. டெரிக் வட்டத் திரை 1.39 அங்குலம், 35 மி.மீ. விட்டம், 980 சதுர மி.மீ. மூணுல ரெண்டு பங்குதான். அதுலயும் வட்டத்தோட ஓரத்துல எழுத்து வைக்க முடியாது. கார்மின் டிசென்ட் ஜி1 இன்னும் சின்னது, 0.9 அங்குலம்.

டெரிக் அமோலெட் திரை அருமையா இருக்கும், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆழம், நேரம், என்டிஎல் மூணும் பெருசாவே தெரியும். மாட்டறது ரெண்டாவது வரிசைதான்: கேஸ், பிஓ2 (ஆக்சிஜன் அழுத்தம்), டேங்க் பிரஷர், திசைகாட்டி எண்.

காசு போடாம சோதிக்க ஒரு வழி. கம்பெனி வெப்சைட்ல மேனுவல் பிடிஎஃப் இருக்கும். டைவ் திரைப் படத்தை எடுத்து, ஒண்ணு 35 மி.மீ. வட்டமாவும் ஒண்ணு 45 × 33 செவ்வகமாவும் நிஜ அளவுல பிரிண்ட் போடுங்க. தெரு முனை ஜெராக்ஸ் கடையில லேமினேட் பண்ணி, மாஸ்க்கோட நீச்சல் குளத்துக்குள்ள கொண்டு போங்க. வெயில்ல வேணாம், சாயங்காலம் போங்க. கைய ஒருமுறை திருப்பிப் பாத்து ரெண்டு விநாடிக்குள்ள என்டிஎல் சொல்ல வரலைன்னா அந்த அளவு உங்களுக்கு ஆகாது. காகிதம் ஒளிராது, நிஜத் திரை இன்னும் நல்லா தெரியும். ஆனா எழுத்து அளவு பத்தின கேள்விக்கு இது போதும்.

நங்கூரம்

வாட்சை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம். +1.50-க்கு மாஸ்க்கிலேயே தீர்வு உண்டு. கண்ணாடியின் உள்பக்கம் கீழ் ஓரத்தில் ஒட்டும் மெல்லிய படிப்பு லென்ஸ்கள் கிடைக்கின்றன. மாஸ்க்கைச் சோப்புநீரில் கழுவி, தண்ணீர் வைத்தே ஒட்டி, உள்ளே சிக்கிய குமிழை விரலால் தள்ளி வெளியேற்றி, ஒரு நாள் உலரவிட வேண்டும். பவரை நிலத்தில் போடுவதைவிட அரைப் புள்ளி கூட்டி எடுத்தால் வசதி, காரணத்தை ஓரிங் மேலே எழுதிவிட்டார். ஒட்டிய பிறகு அந்த இடத்தில் பனிமூட்டம் தடுக்கும் திரவம் போட்டுத் தேய்த்தால் ஓரம் கிளம்பிவிடும், கவனம்.

அதைச் செய்துவிட்டால் வாட்சின் நன்மைகள் அப்படியே நிற்கும். வீட்டில் மறந்துவைத்துவிட்டு வர வாய்ப்பில்லை. பிசிடி (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்று ஜாக்கெட்) மாட்டும்போது தோள்பட்டையில் சிக்காது. பெரிய ஒன்றை வாங்கும் நாள் வந்தால் இது பேக்கப் ஆகிவிடும். டெரிக், டிசென்ட் எல்லாம் அதிரும். மூச்சுக் குமிழ்ச் சத்தத்தில் பீப் ஒலி காதில் விழாதபோது அந்த அதிர்வுக்கு மதிப்பு தெரியும்.

ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா கையில் இருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். ஓஷனிக் பிளஸ் செயலியில் அதிலும் பியூல்மன்தான், 40 மீட்டர் வரை. செயலியின் டைவ் கம்ப்யூட்டர் வசதிக்குச் சந்தா உண்டு, பேட்டரியை அன்றன்றைக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். இரண்டாவது கருவியாகச் சரி.

பாறைமீன்

கோவளம் கடலை வைத்துப் பேசினால் நல்லது. மழைக்காலம் கழிந்த முதல் வாரங்களில் நீர் கலங்கலாக இருக்கும், மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் ஆள் தெரியமாட்டார். அந்த வெளிச்சத்தில் திரை வகை முக்கியம்.

பின்னொளி இல்லாமல் வெளி வெளிச்சத்தில் தெரியும் கறுப்பு வெள்ளைத் திரை (கிரெஸ்ஸி லியோனார்டோ, மாரெஸ் பக் ப்ரோ வகை) படகு மேல் உச்சி வெயிலில் பளிச்சென்று இருக்கும். கலங்கல் நீரில் பட்டனை அழுத்தி விளக்கு போட வேண்டும். ஒரு கையில் டார்ச், மறு கையில் எஸ்எம்பி (மேலே அனுப்பும் அடையாள மிதவை) ரீல் என்றால் அந்த ஒரு அழுத்தலே தொல்லை. வண்ண எல்சிடி, அமோலெட் இரண்டும் எப்போதும் ஒளிர்பவை. கலங்கலில் இவைதான் மேல். பிரகாசத்தை மீடியத்தில் வையுங்கள். முழுப் பிரகாசம் பேட்டரியைத் தின்னும், நைட் டைவில் கண் கூசும்.

எந்தக் கையில் கட்டுவது என்பதை வாங்கும் முன்பே யோசியுங்கள். மேலேறும்போது இடது கை பிசிடியின் இன்ஃப்ளேட்டர் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும். வாட்ச் இடது மணிக்கட்டில் இருந்தால் சேஃப்டி ஸ்டாப்பில், அதாவது ஆழத்தைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டிய அந்த 3 நிமிடத்தில், முகப்பு வேறு பக்கம் திரும்பிவிடும். வலது கையில் கட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. வாட்சை வலது கையில் கட்டி ஒரு வாரம் ஆபீஸ் போய்ப் பாருங்கள், எழுதும்போது உறுத்தினால் அந்த "தினமும் கட்டலாம்" என்ற வாதம் அதோடு முடிந்தது.

16 செ.மீ. மணிக்கட்டுக்குப் பெரிகிரின் பெரிதாகத்தான் தெரியும், ஆனால் வெட்சூட் கைக்கு மேல் கட்டுவதால் நிற்கும். பட்டைக்குப் பதில் பஞ்சீ கயிறு (எலாஸ்டிக்) போடுங்கள். ஆழத்தில் நியோப்ரீன் அமுங்கும், பட்டை தளர்ந்து கம்ப்யூட்டர் கையைச் சுற்றி வரும். பஞ்சீ தானாக இறுகிக்கொள்ளும். இரண்டு தனித்தனி வளையமாகப் போட வேண்டும், ஒரே கயிற்றை இரண்டு சுற்று சுற்றினால் அறுந்தால் மொத்தமும் போய்விடும். முடிச்சுகள் முகப்பின் அடியில் வரட்டும். பிசிடி மாட்டிய பிறகு கடைசியாகக் கம்ப்யூட்டரைக் கட்டுங்கள். ஃபைபர் படகில் ஏறுமுன் பிசிடியைக் கழற்றித் தருவோம் அல்லவா, அப்போது தோள்பட்டை வார் கம்ப்யூட்டரில் மாட்டி இழுக்கும். கடலில் தொலையும் கம்ப்யூட்டர்களில் பல இந்த நேரத்தில்தான் தொலைகின்றன.

திருக்கை44

லேமினேட் யோசனை பிரமாதம், செய்துவிடுகிறேன். வலது கை விஷயம் யோசிக்கவே இல்லை. பேட்டரி பற்றி யாராவது விரிவாக எழுத முடியுமா? சார்ஜ் வகையா, மாற்றும் வகையா என்பதுதான் அடுத்த குழப்பம். ஏர் இன்டக்ரேஷன் (சிலிண்டர் அழுத்தத்தைக் கம்ப்யூட்டரிலேயே காட்டும் வசதி) வேண்டுமா என்பதும்.

ஓரிங்_பித்து

பேட்டரியா, இதுதான் என் ஏரியா. அளவ விட இதுதான் பெரிய முடிவு, யாரும் கேக்கறதில்ல.

*காயின் செல்.* சிஆர்2450 போடறது பக் ப்ரோ, லியோனார்டோவுக்கு சிஆர்2430. 2450ல சுமார் 600 மில்லி ஆம்ப் ஹவர் இருக்கும், சாதா சிஆர்2032ல 220 தான். ஆயுசு நல்லா வரும், நாமே மாத்தலாம். ரிச்சி தெருவுல வாங்கறவங்க பிளிஸ்டர் பேக்ல, தேதி பாத்து வாங்குங்க. டப்பால அள்ளிக் கொடுக்கற உதிரி செல் வேணாம். மல்டிமீட்டர் வெச்சா புது செல் 3.2 வோல்ட் கிட்ட காட்டணும், 3.0க்குக் கீழ இருந்தா திருப்பிக் குடுங்க. வோல்ட் சரியா இருந்தே லோடு ஏறுனா படுத்துக்கற செல்லும் உண்டு, அது பின்னொளி போட்டதும் லோ பேட்டரி எச்சரிக்கையா வரும்.

மாத்தறது எப்படி: முதல்ல, டைவ் முடிச்சு 24 மணி நேரம் ஆகட்டும். மலிவு மாடல் பலதுல செல்ல எடுத்தா திசுக் கணக்கு அழிஞ்சு, நீங்க டைவே பண்ணாத ஆளுன்னு நினைச்சுக்கும். அடுத்த டைவுல தப்பான என்டிஎல் தரும். கருவிய நல்லா காய வெச்சு, சரியான காசு வெச்சு மூடியத் திருப்புங்க. பழைய ஓ-ரிங்க (தண்ணி புகாம அடைக்கற ரப்பர் வளையம்) விரல் நகத்தாலயோ பிளாஸ்டிக் முனையாலயோ எடுங்க, குண்டூசி கூடாது. பள்ளத்துல ஒரு கீறல் விழுந்தா தண்ணி அதுவழியாத்தான் வரும். பள்ளத்தை நூல் விடாத துணியால துடைங்க. புது ஓ-ரிங்க்கு சிலிக்கான் கிரீஸ், பளபளக்கற அளவுக்கு மட்டும். கட்டி கட்டியா தடவுனா மணல் பிடிக்கும். வாசலின், தேங்கா எண்ணெய் எதுவும் வேணாம். ஒரு தலைமுடி குறுக்க கிடந்தா போதும், 5 மீட்டர்லயே கசியும். ஆழத்துல ஓ-ரிங் நல்லா அமுங்கி அடைச்சுக்கும், அதனால கசிவு பல நேரம் ஆழமில்லாத இடத்துலதான் ஆரம்பிக்கும்.

*ஏஏ, அதாவது பென்சில் பேட்டரி.* பெர்டிக்ஸ் 2. பெரிய உடம்போட உண்மையான லாபம் இதுதான், வாட்சுக்குள்ள இத வைக்க முடியாது. லித்தியம் போடுங்க, இல்லன்னா ஆல்கலைன். பெட்டிக்கடையில கிடைக்கற சிங்க் கார்பன் செல் வேணாம், லோடு தாங்காது. மாத்துனதும் எந்த வகைன்னு திரையில கேக்கும், சரியா தேர்ந்தெடுக்கலன்னா பேட்டரி அளவு பொய் காட்டும். மளமளன்னு மாத்துனா திசுக் கணக்கு தங்கும். சீசன் முடிஞ்சா செல்ல வெளிய எடுத்து வைங்க, ஆல்கலைன் ஊத்தி ஸ்பிரிங்க அரிச்சிடும்.

*உள்ளேயே இருக்கற சார்ஜ் பேட்டரி.* பெரிகிரின், டெரிக் ரெண்டும் வயர்லெஸ் சார்ஜ், வெளியே உலோகப் புள்ளி இல்ல. மீடியம் பிரகாசத்துல சுமார் 30 மணி நேரம், ஒரு அந்தமான் பயணத்துக்குப் போதும். கார்மின்ல உலோகக் காண்டாக்ட் உண்டு. உப்பு ஈரத்தோட சார்ஜ்ல போட்டா மின்சாரம் பாய்ஞ்சு பச்சையா பூக்கும், ஒரு பின் போனா சார்ஜே ஏறாது. கழுவி, காய வெச்சு, அப்புறம் போடுங்க. இந்த வகை எல்லாத்துக்கும் பொதுக் குறை: பேட்டரி கிழமானா நாம மாத்த முடியாது, சர்வீசுக்கு அனுப்பணும். தினமும் கட்டற வாட்ச்னா சார்ஜ் சுழற்சி சீக்கிரம் ஏறும். டைவுக்கு மட்டும் எடுக்கற பெரிகிரின்ல மெதுவா ஏறும். அந்தமான்ல கரண்ட் போனா பவர் பேங்க் வேணும், அதை விமானத்துல கைப்பையில மட்டும்தான் வைக்கணும்.

பாறைமீன்

ஏர் இன்டக்ரேஷன் பற்றி: பெரிகிரினின் முதல் மாடலில் அதுவும் இல்லை, திசைகாட்டியும் இல்லை. 2024-இல் வந்த பெரிகிரின் டிஎக்ஸில் இரண்டும் உண்டு. அழுத்தத்தை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதி) ஹை பிரஷர் போர்ட்டில் போகும். சிலிண்டரைத் தூக்குகிறவர்கள் அதைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடிப்பார்கள். படகு ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிரான்ஸ்மிட்டருக்கும் பேட்டரி உண்டு, மாடலைப் பொறுத்து சிஆர்2 அல்லது சிஆர்123. அதை மறந்தால் கடல் நடுவில் கோடு கோடாகத் திரை காட்டும். எஸ்பிஜியை (சிலிண்டர் அழுத்தமானி) கழற்றாதீர்கள்.

வருடத்துக்கு 15 டைவுக்கு இது ஆடம்பரம் என்பது என் கருத்து. அந்தக் காசில் சொந்த மாஸ்க்கும் எஸ்எம்பியும் வாங்கலாம்.

நங்கூரம்

ஏர் இன்டக்ரேஷனில் உடன்படுகிறேன். தினமும் கட்டுவது பற்றி என் வாதத்துக்கு எதிராகவே ஒன்று சொல்லிவிடுகிறேன். கொசுவிரட்டிக் களிம்பில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். சென்னையில் மாலை ஆறு மணிக்கு மேல் அது இல்லாமல் உட்கார முடியாது. சன்ஸ்கிரீன் பட்டன் இடுக்கில் போய் இறுகும். வாட்சைக் கட்டிக்கொண்டே குளித்தால் சோப்பு பிரஷர் சென்சார் துளையில் படியும்.

கழுவும் தண்ணீரும் கவனிக்க வேண்டியதே. ஈசிஆர் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும். அதில் ஊறவைத்தால் உப்பு போய் வெள்ளைப் படிவு வந்து சேரும். போரில் முதல் அலசல் போதும். கடைசியாக ஒரு கிண்ணம் கேன் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறட்டும். ஊறும்போது பட்டன்களைச் சில தடவை அழுத்துங்கள். துளையில் ஊசி, காற்றழுத்தக் குழாய் இரண்டும் கூடாது. கழுவிய பின்னும் கருவி டைவ் முறையிலேயே நின்றால் ஈரம் உணரும் காண்டாக்ட்டைத் துணியால் துடையுங்கள், பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

படகில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். கறுப்பு உடம்பு தொட முடியாத அளவுக்குச் சுடும். எல்சிடி கறுத்துப்போகும், லித்தியம் பேட்டரியின் ஆயுள் குறையும். ஈரத் துண்டில் சுற்றி நிழலில் வையுங்கள்.

கடற்பாசி

அந்தமான் போகிறவர் என்பதால் ஒரு வரி. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (பழைய போர்ட் பிளேர்) சென்னைக்கு விமானம் என்றால், பல நாள், பல டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவர் பாதுகாப்பு அமைப்பான டானின் (DAN) வழிகாட்டி; ஒரே ஒரு டைவுக்கு 12; கட்டாய டெகோ செய்திருந்தால் 18-க்கும் கணிசமாக மேலே. கம்ப்யூட்டரின் விமானக் குறியீடு முன்னதாகவே மறைந்தாலும் இதைத் தளர்த்த வேண்டாம்.

மலைப்பாதைக்கும் இதுவே. புதுச்சேரியில் சனிக்கிழமை டைவ், அன்றிரவே காரில் உதகை என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. உதகை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். உடம்புக்கு விமானக் கேபினில் ஏறியதற்குச் சமம். ஏற்காட்டுக்கும் இதே கணக்கு.

இன்னொன்று, டெகோவைத் தவறவிட்டால் சில கம்பெனிக் கருவிகள் 24 அல்லது 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும், ஷியர்வாட்டர் பூட்டாது. கருவியைச் சண்டைக்கு இழுப்பதற்காகச் சொல்லவில்லை, வாங்கும் முன் மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

திருக்கை44

லேமினேட் சோதனை முடிந்தது. மாலை ஐந்தரைக்குக் குளத்தில் பார்த்தேன். 35 மி.மீ. வட்டத்தில் ஆழமும் என்டிஎல்லும் தெரிந்தன, கீழ் வரிசையைப் படிக்கக் கையை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருந்தது. 45 × 33 உடனே தெரிந்தது. ஆகவே பெரிய திரை. இப்போது பெரிகிரினா, பெர்டிக்ஸ் 2-ஆ என்ற கேள்வி மட்டும்.

ஓரிங்_பித்து

டெக் இல்ல, ஏர் இன்டக்ரேஷன் இல்ல, வருஷத்துக்கு 15 டைவ். பெரிகிரின் போதும். திசைகாட்டி மட்டும் தனியா வேணும், கலங்கல் கோவளத்துல அது இல்லாம நங்கூரக் கயிறு கிடைக்காது. சாதா முள் திசைகாட்டி இடது கையில போடுங்க, கம்ப்யூட்டர் வலது கையில. ரெண்டையும் ஒரே கையில கட்டாதீங்க, முள்ளு இழுக்கும். பத்து வருஷம் பேட்டரி சர்வீசுக்கு அனுப்பற வேலையே வேணாம்னு நினைச்சா பெர்டிக்ஸ் 2, ஏஏ செல்லுக்காக மட்டுமே அந்த அதிக விலை. வந்ததும் மீடியம் 40/85, உப்புநீர், மீட்டர் அளவு, சரியான தேதி. இந்த நாலையும் முதல் நாளே பாத்துடுங்க; பெட்டியில இருந்து அடி அளவுல வர்றதும் உண்டு.